போட்டோ பிரேம் பெட்டியைப் பிரிக்கும் முன்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது டிஜிட்டல் போட்டோ பிரேம் என்ற சாதனத்தைக் காண்கிறேன். பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ தீபாவளிக்கோ வாங்கி அனுப்புகிறார்கள். முதல் வாரம் வீடே அதைச் சுற்றி நிற்கும். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் டி.வி. அலமாரியின் மேல் இருண்டு கிடக்கும். அதன் பிளக் பாயிண்டில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

கேட்டால், "மிஷின் சரியில்லை சார்" என்பார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், நாகபுரியில் நம்மவர்கள் சிலர் பிரேமை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் பார்த்த அளவில் மிஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. செல்போனில் கிடந்த மூவாயிரம் படங்களை அப்படியே உள்ளே கொட்டியிருப்பார்கள். கேஸ் பில்லின் படம், காலை வணக்கப் பூங்கொத்து, ஒரே கேக்கைப் பதினான்கு தடவை எடுத்த படம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் மூவாயிரம் படம் ஓடி முடிய ஐம்பது மணி நேரம் ஆகும். தினம் பதினாறு மணி நேரம் ஓடினாலும் ஒரு படம் மறுபடி கண்ணில் பட மூன்று நாளுக்கு மேல். பாட்டி முகம் வரும் அந்த ஒரு நிமிடத்தில் பேரன் பள்ளிக்கூடத்தில் இருப்பான்.

மாறாக, அறுபது படம் மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு மணிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு முகமும் நாளைக்குப் பதினாறு முறை வரும். குழந்தைக்கு முகம் மனதில் பதிவது இப்படித்தான். ஆகவே வேலையின் பெரும்பகுதி பெட்டியைப் பிரிக்கும் முன்னால் இருக்கிறது.

எந்த வகை வாங்குவது?

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, எஸ்.டி. கார்டு அல்லது பென் டிரைவில் படங்களை ஏற்றிச் செருகிவிடும் வகை. மற்றொன்று, வை-ஃபை மூலம் வேலை செய்யும் வகை. இதில் மகள் சியாட்டிலில் இருந்தபடியே செல்போன் ஆப் வழியாகப் படம் அனுப்பலாம்.

பெற்றோர் தனியாக ஊரில் இருந்து, அங்கே நிலையான இன்டர்நெட்டும் இருந்தால் வை-ஃபை வகை நல்லது. அவர்கள் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகைப் பிரேம்கள் பலவற்றில் படம் நேரே பிரேமுக்கு வருவதில்லை. தயாரித்த கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து வருகிறது. கம்பெனி சேவையை நிறுத்திவிட்டாலோ, சந்தா கேட்க ஆரம்பித்துவிட்டாலோ பிரேம் வெறும் பலகை. எனவே வை-ஃபை வகை வாங்கினாலும் கார்டு செருகும் வழி உள்ளதாகவே பார்த்து வாங்குங்கள். இதுபோன்ற பிரேம்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். வீட்டு ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பிரேமுக்கு அது கண்ணிலேயே படாது. "வை-ஃபை பிடிக்கவில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் பாதி இதுதான். பிரேமின் குறியீட்டு எண்ணை ஃபேமிலி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பக்கூடிய பிரேம்கள் உண்டு.

நீங்களும் பெரியவர்களும் ஒரே வீட்டில் என்றால் கார்டு வகையே போதும். விலையும் குறைவு, கெட்டுப்போக வாய்ப்புள்ள பாகமும் குறைவு.

அளவுக் கணக்கு

10.1 அங்குலப் பிரேம்களில் பெரும்பாலானவை 1280 × 800 பிக்ஸல் கொண்டவை. பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். செல்போன் எடுக்கும் படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். அத்தனையும் பிரேமுக்குத் தேவையில்லை. முழுப் படத்தைக் கொடுத்தால் மலிவான பிரேம் ஒவ்வொன்றுக்கும் சில வினாடி திணறும். 1280 அகலத்துக்குச் சுருக்கிக் கொடுத்தால் உடனே வரும், ஒரு படத்துக்குச் சுமார் 300 கிலோபைட் ஆகும். அறுபது படத்துக்கு 20 மெகாபைட்கூட வேண்டாம். 128 ஜிகாபைட் கார்டு வாங்குபவர்கள் ஒரு தம்ளர் பாலுக்கு அண்டா வாங்குகிறவர்கள். தவிர, 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற அமைப்பில் வருகின்றன. பழைய பிரேம்கள் ஃபாட்32 அமைப்பை மட்டுமே படிக்கும். 32 அல்லது அதற்குக் குறைவான கார்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது படத்தின் வடிவம். செல்போன் படம் 4:3, பிரேம் 16:10. படத்தை முழுதாகக் காட்டச் சொன்னால் இரு பக்கமும் நூறு நூறு பிக்ஸல் கறுப்புப் பட்டை விழும். அதைப் பார்க்கச் சகிக்காமல் பலர் 'ஃபில்' என்ற முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரை நிறையும், ஆனால் படத்தின் மேலும் கீழும் எண்பது எண்பது பிக்ஸல் வெட்டுப்படும். குரூப் போட்டோவில் மேலே நிற்பவர்கள் யார்? கடைசி வரிசை மாமாக்கள். அவர்கள் தலை போய்விடும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் பாதிக்கு மேல் போய்விடும். 'ஃபிட்' முறையையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு இடத்துக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

"கம்ப்யூட்டரில் தெரிகிறது, பிரேமில் தெரியவில்லை" என்ற புகாருக்கு இரண்டு காரணங்கள். ஐபோன் 2017 முதல் படங்களை ஹெய்க் என்ற புது வடிவத்தில் சேமிக்கிறது. பல பிரேம்கள் அதைப் படிக்காது. கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றினால், அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக் வடிவில் வரும். அடுத்த காரணம், ஜேபெக்கிலேயே புரோகிரசிவ் என்று ஒரு வகை உண்டு. இன்டர்நெட்டிலிருந்து இறக்கியவற்றில் இது அதிகம். கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமில் திறந்து வேறு பெயரில் ஜேபெக்காகச் சேமித்தால் சாதாரண வகையாகிவிடும்.

படங்களுக்கு 001, 002, 003 என்று பெயர் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பல பிரேம்கள் 1-க்கு அடுத்து 10-ஐக் காட்டும்.

பழைய படங்கள்

இனிமேல்தான் உண்மையான வேலை. செல்போன் படங்களைப் பேரக்குழந்தைகள் எப்படியும் பார்த்துவிடுவார்கள். பீரோவில் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் கவர்தான் பிரேமில் ஏற வேண்டியது. நம்மைப்போல ஊரை விட்டு வந்தவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே பிரதிதான். நெகடிவ் ஸ்டூடியோவோடு போயிற்று.

1960-களிலும் 70-களிலும் வீட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல, ஆக்ஃபா கிளிக் போன்ற பெட்டி கேமராவில் எடுத்தவை. ஒரு 120 பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படம். பெரிதாக்காமல் போட்ட பிரிண்ட் இரண்டேகால் அங்குலம்தான் இருக்கும். இதை ஸ்கேனரில் 300 டி.பி.ஐ. என்று வைத்தால் 675 பிக்ஸல்தான் கிடைக்கும், பிரேமின் உயரத்துக்கே போதாது. 600 வைத்தால் 1350. சிறிய படத்துக்கு 600, 4 × 6 அங்குலக் கலர் பிரிண்டுக்கு 300 என்பது என் கணக்கு. கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறத்தைப் பிறகு எடுத்துவிடலாம், இழந்த விவரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஸ்கேனர் இல்லாதவர்கள் செல்போனாலேயே எடுக்கலாம். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில், மேஜை மேல் படத்தைத் தட்டையாக வைத்து, போனைப் படத்துக்கு இணையாகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். விளக்கையும் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். ஃபேன் காற்றில் பழைய பிரிண்ட் சுருண்டு எழும்பும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போகும், உடம்பு உங்கள் கையில் வரும். கண்ணாடியைத் துடைத்து, அதன் வழியாகவே சற்றுச் சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள். 1980-களில் வந்த, பசைத்தாள் மேல் பிளாஸ்டிக் மூடிய ஆல்பங்களிலும் இதே அபாயம். அந்தப் பசையே படத்தை மஞ்சளாக்குகிறது. விரலால் நெம்பாமல், பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக அறுத்தபடி நகர்த்தினால் பல படங்கள் விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காததை அப்படியே விட்டுவிட்டு ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

இது யார்?

ரிலே அறையில் ஆயிரக்கணக்கான கம்பிகள் ஓடும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சிறு சீட்டு இருக்கும். சீட்டு விழுந்துபோன கம்பி செம்புதான், மின்சாரமும் ஓடும், ஆனால் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாததால் அதைத் தொட ஆள் இல்லை. பெயர் தெரியாத போட்டோவும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் 1961-ல் மாயவரத்தில் என் சித்தி கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இருபத்து மூன்று பேர். நான்கு வயதுப் பையனாக நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது ஒன்பது பேரை. எண்பத்தொன்பது வயதான என் தாயார் எங்களோடுதான் இருக்கிறார். அவர் ஒருவரால்தான் மற்றவர்களைச் சொல்ல முடியும் என்று தெரிந்தது. அந்தப் படத்தைப் பெரிய காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் எண் போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதே எண்களை வரிசையாக எழுதிக்கொண்டேன்.

மத்தியானக் காப்பிக்குப் பிறகுதான் கேட்பேன். ஒரு நாளைக்கு அரை மணி, அதற்கு மேல் அவருக்குச் சோர்வு. "இது யார்?" என்று விரலை வைத்துக் கேட்டால் பல சமயம், "தெரியலையே" என்றுதான் வரும். "கல்யாணத்துக்கு யார் சமையல்? பந்தல் எங்கே போட்டீங்க? சண்டை யாருக்கு வந்தது?" என்று கேட்டால் ஒவ்வொருவராக வருவார்கள். சண்டை நன்றாக நினைவிருக்கிறது. பதினான்காம் எண், காப்பி ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தவர். அவர் பெயர் துரை. ஆறாம் எண்ணும் துரைதான். பதினெட்டாம் எண்ணும் துரை! ஒருவர் உப்புக்கடைத் துரை, ஒருவர் ரங்கூனிலிருந்து வந்த துரை, கடைசியில் இருப்பவர் சின்ன துரை. பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் எழுதியிருந்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்ததில் இருபத்து மூன்றில் பத்தொன்பது பேருக்குப் பெயர் கிடைத்தது. இரண்டாம் எண்ணைப் பற்றிச் சென்னையிலிருந்து வீடியோவில் பேசிய சித்தி, அது மாப்பிள்ளையின் அண்ணன் என்றார். இல்லவே இல்லை, மாப்பிள்ளைத் தோழன் என்றார் அம்மா. இரண்டையும் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான்கு பேர் இன்னும் பெயரில்லாமலே நிற்கிறார்கள்.

பேசும்போது செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். நீங்கள் எழுதுவதைவிட அவர்கள் வேகமாகப் பேசுவார்கள். ஒரு பெரியவர் சொன்னதோடு நிறுத்த வேண்டாம், இருக்கும் எல்லாரிடமும் கேளுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். போட்டோ இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும்.

பெயரை எங்கே எழுதுவது?

கார்டில் இருக்கும் கோப்புக்கே தமிழில் பெயர் வைத்தால் பிரேம் காட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். மலிவான பிரேம்கள் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டும். எனவே பெயரைப் படத்திலேயே எழுதிவிடுவதுதான் நிச்சயமான வழி. மேலே சொன்ன கறுப்பு இடம் இங்கே உதவுகிறது. பழைய சதுரப் படம் 1280 × 800 திரையில் 800 பிக்ஸல் அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 480 பிக்ஸல் காலி. கம்ப்யூட்டரில் பவர்பாயிண்டில் 16:10 ஸ்லைடு ஒன்றை எடுத்து, இடது பக்கம் படம், வலது பக்கம் தமிழில் விவரம் என்று அமைத்து, ஸ்லைடை ஜேபெக் படமாகச் சேமியுங்கள். எழுத்து உயரம் 40 பிக்ஸலுக்குக் குறையக் கூடாது. அந்தத் திரையில் அது சுமார் 7 மில்லிமீட்டர், நாற்காலியில் உட்கார்ந்தபடி படிக்கலாம். இருபத்து மூன்று பேர் படத்தை ஒரே ஸ்லைடில் அடைக்காமல் நான்கைந்து முகமாக வெட்டித் தனித்தனி ஸ்லைடு ஆக்குங்கள்.

உறவைக் குழந்தையின் இடத்திலிருந்து எழுதுங்கள். 'என் சித்தி' என்று நான் எழுதினால் பேத்திக்கு அவர் யாரோ. 'தாத்தாவின் சித்தி, பெரிய பாட்டியின் தங்கை. மாயவரம், 1961' என்று பெயரோடு எழுதினால் அவள் இரண்டு படி ஏறிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். இங்கே வளரும் நம் குழந்தைகளுக்கு வெளியில் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. அத்தைக்கும் சித்திக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை. என் பேத்திக்கு எட்டு வயது. பிரேம் வந்த புதிதில், "யே கோன் ஹை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விவரத்தைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தேன். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். 'உப்புக்கடை' என்பதில் தினமும் ஒருமுறை சிக்குகிறாள்.

காலமானவர்கள் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தனியாக மாட்டுவது நம் வழக்கம். பிரேமிலோ அவர்களும் இருப்பவர்களும் அடுத்தடுத்து வருவார்கள். சில வீடுகளில் பெரியவர்களுக்கு இது ஒப்புவதில்லை. முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் தாயாரிடம் நானும் கேட்டேன். அப்பா 1998-ல் காலமானவர். 1974-ல் சைக்கிளோடு நிற்கும் அவர் படம் இருக்கிறது. அம்மா ஆட்சேபிக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அவரை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையேன்டா, சட்டுனு போயிடறாரு" என்றார். பிரேமில் எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம்தான் வைக்க முடியும், ஒன்றுக்கு மட்டும் கூட்ட முடியாது. அதே படத்தை 031, 032, 033 என்று மூன்று பிரதியாக ஏற்றினேன். மூன்று நிமிடம் நிற்கிறார்.

வைக்கும் இடமும் நேரமும்

ஜன்னலுக்கு எதிரே வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து நான்கு ஐந்து அடியில், அவர்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். படம் மாறும்போது சுழல்வது, சிதறுவது போன்ற வித்தைகளை நிறுத்திவிடுங்கள். கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அது தலைசுற்றல். பின்னணி இசையும் வேண்டாம், இரண்டாம் நாளே யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். படங்களை வரிசையாக ஓடவிடுங்கள். அடுத்து யார் வருவார் என்று குழந்தைகள் முந்திச் சொல்வது ஒரு விளையாட்டாகிவிடும்.

5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதிகபட்சம் 10 வாட். தினம் பதினாறு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஐந்து யூனிட்டுக்குள் அடங்கும். இரவில் தானாக அணைய டைமர் வையுங்கள். சில மலிவான பிரேம்களில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பழைய நேரத்துக்குப் போய், நடுராத்திரியில் கூடம் வெளிச்சமாகும். அப்போது கடிகாரத்தைத் திருத்தினால் போதும், மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் படத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பத்து போடுங்கள். பிரேமையோ கார்டையோ சேமிப்புக் கிடங்காக நினைக்கக் கூடாது. ஸ்கேன் செய்த முழு அளவுப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்து, இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பெயர் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். பிரேமுக்கு அது போதும், பத்திரப்படுத்தப் போதாது.

ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் சங்க நூலகத்தில் இருப்பேன், ஸ்கேனரும் இருக்கும். பிரேமைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்து எடுக்காமல் ஆல்பத்தோடே கொண்டு வாருங்கள். அதில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லிஃப்ட் வேலை செய்கிறது.